பெரிய வெள்ளியன்று சுருதி சரியாகத்தான் இருந்தது

அன்பு மகன் ஜோயலுக்கு,

நம் வீட்டுக் கடிதங்களெல்லாம் ஸ்தோத்திரத்தில்தான் தொடங்கும். இதையும் அப்படித் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். கர்த்தரை முன்னால் நிறுத்திவிட்டு அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்கு நன்றாகப் பழகிப்போன வித்தை. அதனால் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில், சபை முழுவதும் உட்கார்ந்திருக்க, நீ கீபோர்டைச் சுருதி தப்பாக வாசிக்கிறாய் என்று மைக்கில் சொன்னேன். நீ தப்பாக வாசிக்கவில்லை. தப்பு என் காதில் இருந்தது. அது எனக்கு இப்போதுதான் தெரியும், மற்ற எல்லோருக்கும் அன்றைக்கே தெரியும்.

இதை உனக்கு மட்டும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். பஸ் பிடித்து பொம்மனஹள்ளிக்கு வந்து உன் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். உன் அம்மா அதைத்தான் சொன்னாள். "பெத்த புள்ளகிட்ட மன்னிப்பு கேக்க எதுக்குங்க பத்திரிகை? நேர்ல போய் ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?" அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் மைக்கில் திட்டிவிட்டுக் காதோடு காதாக மன்னிப்புக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. நான் திட்டியதைக் கேட்ட அத்தனை பேரும் இதையும் படிக்க வேண்டும். அதனால் நம் சபையின் மாதப் பத்திரிகையில் போடச் சொல்லி போதகரிடம் கொடுத்தேன். அவர் பாதி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "ஐயா, நல்லா யோசிச்சுத்தான் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தப் பக்கத்தில் போடுவது என்று கேட்டார். மாதாமாதம் என் பாட்டு வருமே, அந்தப் பக்கத்திலேயே போடச் சொன்னேன். இந்த மாதம் என்னிடம் பாட்டு இல்லை.

ரூபாவுக்கும் இதைப் படித்துக் காட்டுவாய், அவள் இன்னும் சில வாரங்களில் நம் வீட்டு மருமகள். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நான் சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை. ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, ஐ.டி.ஐ. முடித்து, ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவன். தகட்டை வைத்து மிதியை அழுத்தினால் மெஷின் இறங்கி அடிக்கும். மறுபடி தகடு, மறுபடி அடி. பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அந்தத் தாளத்தில்தான் எனக்குப் பாட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட ஜெர்மன் மெட்டு ஞானப்பாட்டும் நம் ராகத்துக் கீர்த்தனையும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், மெஷின் தாளம் போடும், வார்த்தைகள் தானாக வந்து உட்காரும். முதல் பாட்டு ஓர் அறுப்பின் பண்டிகைக்காக எழுதியது. தகட்டின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்து, அதை அடிக்கு அனுப்ப மனமில்லாமல் தனியாக எடுத்து வைத்ததற்கு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காதில் அடைத்துக்கொள்ளக் கம்பெனியில் பஞ்சு கொடுப்பார்கள். நான் வைத்துக்கொள்ள மாட்டேன். வைத்தால் தாளம் கேட்காது என்பேன். நண்பர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்போதே என் காதில் பாதியைக் கொடுத்துவிட்டேன் என்று இப்போது டாக்டர் சொல்கிறார்.

பாட்டு எழுதுகிறவனுக்கு வருகிற நோய்களெல்லாம் எனக்கும் வந்தன. தாழ்மையைப் பற்றி எழுதிய பாட்டுக்கும் கீழே என் பெயர் வர வேண்டும். கோயிலில் திரை வைத்து அதில் பாட்டு போட ஆரம்பித்தார்களே, அன்றிலிருந்து பாட்டு திரையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது கீழே என் பெயர் இருக்கிறதா என்றுதான். ஒரு முறை விடுபட்டுப்போனதற்கு, ஆராதனை முடிந்த பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், யார் எழுதிய பாட்டென்று தெரியாமல் ஜனங்கள் எப்படிப் பக்தியோடு பாடுவார்கள் என்று கேட்டேன். அவர் பயந்துபோய் அடுத்த வாரம் என் பெயரைப் பாட்டின் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். நீ அதைப் பார்த்துக் கீபோர்டுக்குக் குனிந்து சிரித்தாய். நானும் பார்த்தேன், பார்க்காதது போல இருந்துவிட்டேன். எனக்கு உள்ளூர அந்தப் பெரிய எழுத்து பிடித்திருந்தது.

நம் சபையில் கல்யாணமென்றால் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில், அந்தக் கல்யாணத்துக்கென்றே நான் எழுதிய மங்களத்தை நானே நின்று பாட வேண்டும். இரண்டு பேருடைய பெயரும் கடைசிச் சரணத்தில் வந்துவிடும். எதுகை மோனைக்கு ஒத்துவராத பெயராக இருந்தால் என் பாடு திண்டாட்டம். பிரின்ஸ்டன் என்று ஒரு மாப்பிள்ளை வந்து என்னை ஒரு வாரம் சோறு தின்ன விடவில்லை. இதில் எனக்கு ஒரு கர்வம். நான் பாடாவிட்டால் கல்யாணம் முடிந்ததாகாது என்பது போல நடந்துகொள்வேன். நான் நின்றுகொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால், முதலில் ஹார்மோனியத்திலும் பிறகு கீபோர்டிலும், எப்போதும் நீ இருந்தாய். உன் விரல்களைப் பற்றி நான் யாரிடமும் பெருமையாகப் பேசியதாக ஞாபகமில்லை. இருப்பது தெரியாமல் இருந்தாய், அது எனக்கு வசதியாக இருந்தது.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை ஒத்திகை நடந்தது, உனக்கு மறந்திருக்காது. ஹார்மோனியத்துக்கு எட்டாமல் இரண்டு பைபிள்களைப் போட்டு அதன் மேல் உட்காரப் போனாய், வேதத்தின் மேல் உட்காராதே என்று அம்மா தலையணை கொடுத்தாள். நான் ஒரு சரணத்தின் உச்சத்துக்குப் போனபோது நீ வாசிப்பதை நிறுத்திவிட்டு, எந்த விகற்பமும் இல்லாமல், "அப்பா, மேல போகும்போது நீங்க சுருதிய விட்டு ஏறிடுறீங்க" என்றாய். பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். "அப்பனுக்கே சுருதி சொல்றியா?" என்று கேட்டேன். நீ அழவில்லை. ஒரு கையால் துருத்தியைப் போட்டுக்கொண்டே மறுகையால் வாசித்தாய், மூக்கைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டாய். நீ சொன்னது சரி. நான் அன்றைக்கு ஏறித்தான் பாடினேன், அறைகிறபோதே எனக்கு அது தெரியும். அதற்கப்புறம் நீ எனக்குச் சுருதி சொன்னதே இல்லை. பையன் ஒழுக்கமாகிவிட்டான் என்று உன் அம்மாவிடம் மார் தட்டிக்கொண்டேன்.

இனி பெரிய வெள்ளிக்கு வருகிறேன். வரிசையாகவே எழுதுகிறேன். அன்று ரூபாவும் அவள் பெற்றோரும் முதன்முதலாக நம் கோயிலுக்கு வந்திருந்தார்கள். ஹாசன் ஊர்ப் பக்கத்துக் கன்னடக் குடும்பம், தமிழ் ஆராதனை பாதி புரியும் பாதி புரியாது, ஆனாலும் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம் முழுக்க உட்காருவதாகச் சொல்லி மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். நான் புது ஜிப்பா போட்டிருந்தேன். வழக்கம்போல நடுவில் என் கீர்த்தனை. "ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றீரே, என் ஐயா" என்று முகாரியில் தொடங்கும். அடிக்கப்படும்போதும் வாய் திறவாமல் நின்றவரைப் பற்றிய பாட்டு. அதை எழுதிய நாளில் பிரஸ் ஷாப்பிலிருந்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவன் நான். அன்று ஸ்பீக்கரை இடம் மாற்றி என் வலது பக்கத்தில் வைத்திருந்தார்கள். நீ சுருதி கொடுத்தாய். என் காதுக்கு அது கோணலாகக் கேட்டது. பல்லவியைப் பாடினேன், ஒட்டவில்லை. மறுபடி பாடினேன், ஒட்டவில்லை. நிறுத்திவிட்டு உன் பக்கம் திரும்பி, கையில் மைக்கை வைத்துக்கொண்டே, "ஜோயல், சுருதி தப்பு. காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க? சரியா வை" என்றேன்.

பெரிய வெள்ளியன்று கோயில் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த அமைதியில் அது பலிபீடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நீ என்னைப் பார்த்தாய். கீபோர்டில் ஏதோ ஒரு பட்டனைத் தொட்டாய், மறுபடி சுருதி கொடுத்தாய். "ஆங், இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றவரைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தேன். நன்றாகப் பாடியதாகவும் நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? ஆராதனை முடிந்து எல்லோரும் வளாகத்தில் கஞ்சி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, நீ ரூபாவின் அப்பாவுக்குத் துவையல் வைத்துக்கொண்டிருந்தாய். நான் அவர் தோளில் கை போட்டு, சுருதி தெரியாத பையன் கையில் பெண்ணைக் கொடுக்கிறீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள் சம்பந்தி என்றேன். அதையும் கன்னடத்தில் சொன்னேன், அவருக்கு முழுக்கப் புரிய வேண்டுமே என்று. மைக்கில் தமிழில் சொன்னது போதாதென்று மொழிபெயர்த்தும் கொடுத்தேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். ரூபா மட்டும் சிரிக்கவில்லை. "அய்யோ விடுங்க அங்கிள், எனக்கு எதுவும் தப்பா கேக்கலையே. நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். நான் அவளையும் விடவில்லை. "உனக்கு எப்படிம்மா தெரியும்? சங்கீதம் கத்துக்கிட்டாதானே" என்றேன். அம்மா ரூபா, உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உன் காது நல்ல காது.

நீ, "சரிப்பா" என்று மட்டும் சொன்னாய். ஈஸ்டருக்கு வரவில்லை, ஆபீஸில் வேலை என்று அம்மாவிடம் சொன்னாய். அடுத்த ஞாயிறும் வேலை. பிறகு ஆபீஸுக்குப் பக்கம் என்று பொம்மனஹள்ளியில் வீடு பார்த்தாய், கல்யாணத்துக்கு அப்புறம் எப்படியும் போக வேண்டியதுதானே என்றாய். அம்மா உன் துணிகளை மடித்துக் கொடுத்தாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை தாங்குவதில்லை என்று சத்தமாக, உனக்குக் கேட்கும்படி சொன்னேன்.

உண்மை தெரிய வந்தது ஷாரன் மூலமாக. ஷாரனை ரூபாவுக்கு இன்னும் தெரியாது. பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரல் பாடுகிற பெண், ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள், நீ வராத ஞாயிறுகளில் அவள்தான் கீபோர்டு. உங்கள் கல்யாண மங்களத்தை அவளோடு ஒத்திகை பார்க்க ஒரு சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். சுருதி கேட்கக் குனிந்தபோது கீபோர்டின் சின்னத் திரையில் மைனஸ் மூணு என்று இருந்ததைப் பார்த்தேன்.

"இதென்னம்மா மைனஸ் மூணு?"

"அது ஒண்ணுமில்ல அங்கிள், செட்டிங்."

"என்ன செட்டிங்?"

பொய் சொல்லத் தெரியாத பெண். "ட்ரான்ஸ்போஸ் அங்கிள். எப்பவும் போலத்தான் வாசிப்போம், சுருதி மட்டும் மூணு படி இறங்கி வரும். ஜோயல் அண்ணா போன் பண்ணி சொன்னாங்க, கல்யாணத்தன்னைக்கு மங்களத்துக்கு மறக்காம இறக்கி வைன்னு. அன்னைக்கு அவங்க மாப்பிள்ளையா நிப்பாங்க இல்ல, வந்து பாக்க முடியாதில்ல" என்றாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"ரொம்ப வருஷமாவே அங்கிள். மொதல்ல ஒண்ணு இறக்கினாங்க. அப்புறம் ரெண்டு. உங்களுக்கு மேல எட்டாம போறப்பல்லாம்."

"அப்ப பெரிய வெள்ளி அன்னைக்கு என்ன மாத்தினான்?"

"எதையும் மாத்தல அங்கிள். சும்மா ஒரு பட்டனைத் தொட்டுட்டு அதே சுருதியத்தான் திரும்பக் குடுத்தாங்க. நீங்க இப்ப சரின்னீங்க."

இது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அவள் பாடகர் குழுவின் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். டெனர், பாஸ், சொப்ரானோ என்று ஒவ்வொரு குரல் வரிசையாகப் பார்த்தாள். இறக்காமல் வாசி என்று அவளிடம் சொல்லிவிட்டு, உங்கள் மங்களத்தை எழுதியிருந்த சுருதியிலேயே பாடிப் பார்த்தேன். அனுபல்லவியில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றேன், மறுபடி உடைந்தது. இத்தனை வருடமாக நான் ஏறி நின்றதாக நினைத்த இடத்தில் நான் நின்றதே இல்லை, நீ தரையைக் கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறாய். ஷாரன் கீபோர்டை மூடிவிட்டு, தண்ணீர் வேண்டுமா அங்கிள் என்று கேட்டாள். அந்தப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட வெட்கமாக இருந்தது.

முதலில் எனக்கு வந்தது வெட்கம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கோபம்தான் வந்தது. சபையே சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறது, என் வீட்டுப் பிள்ளை அதற்குத் தலைவன் என்று பொருமிக்கொண்டே போனேன். வாசலில் செருப்பைக் கழற்றாமலே உன் அம்மாவிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பாடறத விட்டுட்டு மூலையில உக்காந்திருப்பீங்க. இல்லன்னா அவன அடிச்சிருப்பீங்க. ரெண்டையும் பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். கோபம் அங்கே இறங்கிவிட்டது. அது இறங்கிய இடத்தில்தான் வெட்கம் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் நீ எனக்குக் காதுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தாய். பாட்டுக்காரன் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு சபை முன்னால் நிற்பதா என்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அது சரியில்லை, இரைச்சல் வருகிறது என்று உன்னிடம் பொய் சொன்னேன். நான் அதைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. ஷாரன் சொன்னதற்கு மறுநாள் அதை எடுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனேன். காதில் எதையோ வைத்து விதவிதமாகச் சத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, வலது காது ரொம்பவும் கெட்டிருக்கிறது என்றார். சத்தம் குறைந்து கேட்பது மட்டுமல்ல, சுருதியே மாறிக் கேட்குமாம். இடது காது தேவலையாம். எனக்கு அங்கேயே பெரிய வெள்ளி முழுக்கக் கண் முன்னால் வந்தது. ஸ்பீக்கர் வலது பக்கம் இருந்தது. உன்னைத் திட்டுவதற்காகத் திரும்பினேன், திரும்பியபோது இடது காது ஸ்பீக்கர் பக்கம் வந்துவிட்டது. அதனால்தான் சரியாகக் கேட்டது. நான் போட்ட அதட்டலில் நீ சரிசெய்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிறு முயன்றும் பார்த்தேன். அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து போய் மைக்கை வாங்கினேன். பெரிய வெள்ளியன்று என்று தொடங்குவதற்கு வாயைத் திறந்தேன். எதிரே டெனர்கள், பாஸ்கள், கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர், எல்லாம் அறிந்த முகங்கள். "சனிக்கிழமை ஒத்திகை இருக்கு, எல்லாரும் நேரத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவ்வளவு பாட்டு எழுதியவனுக்கு அவ்வளவுதான் வந்தது. அம்மா என் கையைத் தொட்டாள், நான் கையை இழுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாய்க்கு வராதது கைக்காவது வரட்டும் என்று.

ஜோயல், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நாலாம் வகுப்பில் சொன்னாய், அதற்கு நான் கொடுத்த கூலியையும் வாங்கிக்கொண்டாய். அப்புறம் எந்தப் பிள்ளை சொல்லும்? நீ மறுபடி சொல்லாமல், என்னை விட்டுவிட்டும் போகாமல், நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாய். சபையில் என் பெயர் கெடாமல் இருக்க, உன் பெயரைக் கெடுத்துக்கொண்டாய். மாமனார் முன்னால் சுருதி தெரியாதவன் என்று பேர் வாங்கினாய். அதற்குப் பின்னாலும், உன் கல்யாணத்தன்று நான் தலைகுனியக் கூடாதென்று ஷாரனுக்குப் போன் செய்திருக்கிறாய். கோபித்துக்கொண்டு போன பிள்ளை செய்கிற காரியமா இது? நான் அந்தப் பாட்டை யாரைப் பார்த்து எழுதினேனோ, அவர் சாயலைப் பதினைந்தடி தூரத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, உன்னைப் பார்த்து, காதில் பஞ்சா என்று கேட்டிருக்கிறேன்.

அப்பன்மார் மன்னிப்புக் கேட்கும்போதும் கூடவே ஒரு புத்தி சொல்லாமல் விடமாட்டார்கள். நானும் விடப் போவதில்லை. நீ எனக்குச் செய்ததை ரூபாவுக்குச் செய்யாதே. அவளுக்கு ஒன்று எட்டவில்லையென்றால் அவளுக்குத் தெரியாமல் இறக்கி வைக்காதே, எட்டவில்லை என்று சொல்லிவிடு, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இறக்கிக்கொள்ளுங்கள். உன் பொறுமை பெரியதுதான், ஆனால் அந்தப் பொறுமையில் நான் பல வருடம் முட்டாளாகவும் நின்றேன், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் உன்னிடம் ஒரு குறை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எதிர்த்துப் பேசுகிற பெண் அவள், கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றே எனக்குப் பதில் சொன்னவள். அந்த வாயை மூட வைத்துவிடாதே. நான் உன் வாயை ஒரே அறையில் மூடினேன், அதைத் திறக்க வைக்க இப்போது பத்திரிகையில் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் மங்களத்தை மாற்றி எழுதிவிட்டேன். முதலில் எழுதியதில் வழக்கமான அலங்காரமெல்லாம் இருந்தது, உச்சத்தில் ஒரு பெரிய சங்கதியும் வைத்திருந்தேன், நான் பாடிக் காட்டுவதற்காக. அதை எடுத்துவிட்டேன். கடைசிச் சரணம் இப்போது இப்படி இருக்கிறது:

ஜோயலும் ரூபாவும் சேர்ந்து வாழும் மனையிலே
குறை கண்டால் சொல்லும் நாவைத் தாரும் ஐயா,
சொன்னதைக் கேட்கும் செவியையும் தாரும் ஐயா.

எதுகை சரியில்லை. தெரிந்தேதான் விட்டேன். கீழே என் பெயரைப் போட வேண்டாம் என்று திரைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை, மூன்று முறை கேட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ மறுத்தாலும் குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை ஒத்திகைக்கு வா. ரூபாவையும் கூட்டிக்கொண்டு வா, முடிந்தால் அவள் அப்பாவையும். அந்த ஒரு நாள் நீ கீபோர்டில் உட்கார். நான் மெஷினை மாட்டிக்கொண்டு வருவேன், கொஞ்சம் இரைகிறது, பழகிக்கொண்டிருக்கிறேன். நான் பாடும்போது எங்கே தப்புகிறதோ அங்கே வாசிப்பதை நிறுத்திவிட்டு, நாலாம் வகுப்பில் சொன்னாயே, அதே மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். என் கை மடியிலேயே இருக்கும்.

நீ வராவிட்டாலும் கல்யாணத்தன்று நான் வழக்கமான இடத்தில் நிற்பேன். ஷாரனிடம் நீ சொல்லிவைத்ததை நான் மாற்றப் போவதில்லை. நீங்கள் இருவரும் கையெழுத்துப் போடக் குனியும்போது, பாட ஆரம்பிப்பதற்கு முன்னால், "ஷாரன், மூணு இறக்கி வைம்மா, எனக்கு அவ்வளவு மேல எட்டாது" என்று நானே சொல்வேன். அதே மைக்கில் சொல்வேன்.

உன் அப்பா